சேலைக் கட்டுமுறைச் சொற்கள்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஓர் ஆய்வு

வங்காளப் புனைகதைகளில் மீண்டும் மீண்டும் வரும் காட்சி ஒன்றுண்டு. அந்தி வேளையில் வீட்டின் மூத்த மருமகள் துளசி மாடத்தில் விளக்கேற்ற வருகிறாள். அவள் உடுத்தியிருப்பது ‘லால்-பாட் ஷாடி’. அதாவது சிவப்புக் கரையிட்ட வெண்ணிறச் சேலை. இதனைத் தமிழில் ‘வெள்ளைச் சேலை உடுத்தியவள்’ என்று சுருக்கிப் பெயர்த்துவிட்டால், சுமங்கலி ஒருத்தி ஒரே தொடரில் கைம்பெண் ஆகிவிடுகிறாள். வங்காளத்தில் கைம்பெண்ணின் ஆடை, கரையே இல்லாத ‘தான்’ எனப்படும் வெண்துணி. அங்கே மணநிலையைக் காட்டுவது கரை. தமிழ்நாட்டு வழக்கில் அதைக் காட்டுவது நிறம். கேரளத்தில் கசவுக் கரையிட்ட வெண்முண்டும் நேரியதும் மங்கல ஆடையாகவே விளங்குவதையும் இங்கு ஒப்பிட்டுக் காணலாம். ‘வெள்ளைச் சேலை’ என்ற தமிழ்த் தொடரில் இலக்கணப் பிழையோ அகராதிப் பிழையோ இல்லை. ஆயினும் கதை தவறிவிட்டது.

சேலை பற்றிய சொற்கள் இந்திய மொழிகள் அனைத்திலும் ஒரே பொருட்புலத்தைச் சார்ந்தவை என்றும், ஒன்றிற்கு ஒன்றை இட்டு நிரப்பிவிடலாம் என்றும் எண்ணும் போக்கு மொழிபெயர்ப்பாளரிடையே உண்டு. அண்டை மாநிலத்து ஆடைதானே என்ற எண்ணமே இதற்குக் காரணம். பிரெஞ்சுப் புதினத்தில் வரும் உடைப் பெயருக்கு அடிக்குறிப்பு எழுதுபவர், மராத்திப் புதினத்தில் வரும் சேலைக்கட்டுக்கு எழுதுவதில்லை. உண்மையில் தெரிந்த பொருளாகத் தோன்றுவதே இடர் மிகுந்தது. சேலையின் வட்டாரக் கட்டுமுறைகளுக்கும் அதன் உறுப்புகளுக்கும் வழங்கும் பெயர்கள் எவ்வாறு அமைந்துள்ளன, அவற்றைத் தமிழில் பெயர்க்குங்கால் எவை காணாமற்போகின்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பிறமொழிச் சொற்கள் தமிழ் எழுத்து இடந்தரும் அளவில் எழுதப்பட்டுள்ளன.

பெயரிடும் நோக்கு

கட்டுமுறைக்குப் பெயரிடுவதில் மொழிகள் ஒரே வழியைப் பின்பற்றவில்லை. மராத்தி துணியின் அளவைக் கொண்டு பெயரிடுகிறது: ‘நௌவாரி’ ஒன்பது வார்ச் சேலை, ‘பாச்வாரி’ ஐந்து வார்ச் சேலை. வங்காளம் உடுத்தும் வேளையைக் கொண்டு பெயரிடுகிறது. ‘ஆட்பௌரே’ என்ற சொல்லை எட்டுச் சாமம் என்னும் பொருளுடைய வடசொற்றொடரின் வழிவந்ததாகக் கொள்வர். எட்டுச் சாமமும் உடுத்தியிருக்கத்தக்கது, எனவே அன்றாட ஆடை என்பது பொருள். இதே கட்டைச் சுற்றும் முறை நோக்கி ‘ஏக் பேஞ்ச்’ (ஒரு சுற்று) என்றும் சொல்வர். தமிழின் ‘பின்கொசுவம்’ மடிப்பு அமையும் இடத்தால் பெற்ற பெயர். இந்தியின் ‘சீதா பல்லா’, ‘உல்டா பல்லா’ ஆகியவை தலைப்பு விழும் திசையால் பெற்ற பெயர்கள்.

இவற்றுள் இறுதியாகச் சொன்ன இணை தனியே நோக்கத்தக்கது. தலைப்பைப் பின்புறமிருந்து வலத்தோள் வழியாக முன்னே கொணர்ந்து விரித்துவிடுவது ‘சீதா பல்லா’, அதாவது நேர்த்தலைப்பு. குசராத்து, இராசத்தான், உத்தரப்பிரதேசம், பீகார் ஆகிய பகுதிகளில் பழக்கமான முறை அது. இடத்தோளின் மேல் போட்டு முதுகுப்புறம் தொங்கவிடுவது ‘உல்டா பல்லா’, அதாவது மாற்றுத்தலைப்பு. இன்று நாடெங்கும் பொதுவாகிவிட்டதும் தமிழர் இயல்பானது என்று கருதுவதும் இந்த இரண்டாம் முறையையே. இந்திப் பேச்சாளர் அதனைத் தம் பழைய முறைக்கு மாறானது என்று கண்டு பெயரிட்டார். ‘உல்டா பல்லா’ என்பதைச் சொல்லுக்குச் சொல் ‘தலைகீழ் முந்தானை’ என்று பெயர்த்தால், தமிழ் வாசகர் தம் வீட்டுப் பெண்கள் உடுத்தும் முறையையே ஏதோ புதுமை என்று எண்ணி மயங்குவார். ‘முந்தானையை இடத்தோளில் போட்டிருந்தாள்’ என்றாலும் சிக்கல் தீராது; தமிழருக்கு அதில் செய்தியே இல்லை. மூலத்தில் அத்தொடர், நகரத்துக் கல்லூரியில் படித்துவந்த மருமகள் என்பதைக் காட்ட நிற்குமாயின், பெயர்ப்பில் ‘நகரத்துப் பெண்களைப் போல’ என்ற அடை சேர வேண்டும். செய்தி அங்குதான் இருக்கிறது.

‘பின்கொசுவம்’ என்ற தமிழ்ச் சொல்லும் இவ்வகையில் நோக்கற்பாலது. முன்னால் கொசுவம் வைப்பதைத் தமிழில் எவரும் ‘முன்கொசுவம்’ என்று விதந்து கூறுவதில்லை. ‘கொசுவம்’ என்பதே போதும். பொதுவடிவு அடைமொழி பெறாது, சிறப்பு வடிவே அடைமொழி பெறும் என்ற மொழியியல் பொதுவிதி இங்குப் பொருந்துகிறது. பின்னால் மடிப்பு வைத்துக் கட்டிய முதியவர்களுக்கு அதுவே வெறும் கொசுவமாக இருந்திருத்தல் வேண்டும். முன்மடிப்புப் பரவிய பின்னரே ‘பின்’ என்ற அடை தேவைப்பட்டது என்று கருத இடமுண்டு. குடகு நாட்டுப் பெண்களும் மடிப்பைப் பின்னாலேயே வைக்கின்றனர். தலைப்பை இடக்கை அக்குளின் கீழாகக் கொணர்ந்து வலத்தோளில் இருத்துகின்றனர். அதனைக் ‘குடகுக் கட்டு’ என்று சொல்பவர் குடகர் அல்லர், அயலார். இடப்பெயரால் அமைந்த கட்டுப் பெயர்களுள் பெரும்பாலானவை அவ்விடத்திற்கு வெளியே பிறந்தவை.

இதற்கு மிகத் தெளிவான சான்று கல்கத்தாவிலிருந்து கிடைக்கிறது. இந்தியக் குடிமைப் பணிக்கு 1863இல் தேர்வு பெற்ற முதல் இந்தியரான சத்யேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதானந்தினி தேவி, கணவருடன் பம்பாய் சென்றபோது அங்குப் பார்சிப் பெண்கள் சேலை உடுத்தும் முறையைக் கண்டார். அன்றைய வங்காளப் பெண்களின் கட்டு வீட்டிற்குள் இருக்க ஏற்றதே அன்றி வெளியே செல்ல ஏற்றதாக இல்லை. பார்சி முறையைச் சிறிது மாற்றி, மேற்சட்டையும் உள்ளாடையும் சேர்த்து, புதுமுறை ஒன்றை அவர் வகுத்துக்கொண்டார். அதனைக் கற்றுத்தருவதாக ‘பாமாபோதினி’ இதழில் விளம்பரமும் செய்தார். வங்காளத்தார் அதனைப் ‘பம்பாய் தஸ்தூர்’ (பம்பாய் வழக்கம்) என்றனர். பிரம்ம சமாசப் பெண்களிடையே பரவியபின் அதுவே ‘பிரம்மிகா’ ஆயிற்று. ‘தாகூர் வீட்டுச் சேலை’ என்றும் வழங்கிற்று. ஒரே கட்டு, ஒருவர் அதன் ஊரைப் பார்த்தார், ஒருவர் சமயக் குழுவைப் பார்த்தார், ஒருவர் குடும்பத்தைப் பார்த்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதையொன்றில் இப்பெயர்களுள் எது வருகிறது என்பதைக் கொண்டே, பேசுபவர் சீர்திருத்தத்தின் பக்கம் நிற்பவரா எதிர்ப்பக்கம் நிற்பவரா என்பதை ஓரளவு உய்த்துணரலாம். மூன்றையும் ‘புதுமாதிரிச் சேலைக்கட்டு’ என்று ஒன்றாக்கிவிடுவது மொழிபெயர்ப்பாளருக்கு எளிது, வாசகருக்கு இழப்பு.

இன்று ஆங்கில வழியில் பரவியுள்ள ‘நீவி’ என்ற பெயர் வேறுவகையானது. வடமொழியில் நீவி என்பது பெண்ணின் இடையாடையையும் அதன் முடிச்சையும் குறிக்கும் சொல். முன்கொசுவமும் இடத்தோள் தலைப்பும் கொண்ட கட்டிற்கு, தெலுங்கு நாட்டோடு தொடர்புபடுத்தி, நூலோர் இப்பெயரை வழங்குகின்றனர். அன்றாடத் தெலுங்குப் பேச்சில் அது வெறும் ‘சீர’க் கட்டு மட்டுமே. கட்டுமுறைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள் பெயர்களை நம்பிச் செல்ல இயலாமையை உணர்ந்தே இருந்தனர். ஷாந்தல் பூலான்ஜே 1997இல் வெளியிட்ட நூலில் துணி உடலைச் சுற்றிச் செல்லும் வழியை அடிப்படையாகக் கொண்டு கட்டுகளைக் குடும்பங்களாகப் பகுத்தார். மொழிக் குடும்பம் போன்றதொரு பகுப்பு இது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் முதலில் கட்டை உள்ளத்தில் காண வேண்டும் என்றால் இத்தகைய நூல்கள் அகராதியைக் காட்டிலும் உதவும்.

கச்சம்

துணியின் ஒரு பகுதியைக் கால்களின் இடையே வாங்கிப் பின்னால் செருகும் முறை தக்காணம் முழுவதும் காணப்படுவது. மராத்தியில் இது ‘காஷ்டா’, கன்னடத்தில் ‘கச்செ’, தெலுங்கில் ‘கோசி’. தமிழில் ‘கச்சம்’ என்ற சொல் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஆடவரின் ‘பஞ்சகச்ச’த்தில்தான் வாழ்கிறது. பெண்கள் இவ்வாறு உடுத்தும் சேலைக்குத் தமிழில் உடனே நினைவுக்கு வரும் சொல் ‘மடிசார்’.

மொழிபெயர்ப்பில் நேரும் பெரும்பிழை இங்கேதான் தோன்றுகிறது. மடிசார் தமிழ்ப் பிராமணப் பெண்களுக்கு உரியது. அதிலும் ஐயர் வீட்டுப் பெண்கள் தலைப்பை வலத்தோளிலும், ஐயங்கார் வீட்டுப் பெண்கள் இடத்தோளிலும் போடுவது மரபு. சொல்லின் முதலுறுப்பாகிய ‘மடி’ ஆசாரத் தூய்மையைச் சுட்டுவது. ஆகவே ‘மடிசார்’ என்ற சொல் சாதியையும், உட்பிரிவையும், ஆசாரத்தையும், பெரும்பாலும் வயதையும் ஒருங்கே சுமந்து நிற்கிறது. மராத்தி நௌவாரியோ அத்தகையதன்று. மும்பைக் கடற்கரையில் மீன் விற்கும் கோளிப் பெண்ணும், தக்காணத்துக் கரும்புக் காட்டில் வேலை செய்யும் பெண்ணும், புணே நகரத்துப் பிராமண இல்லத்தரசியும், லாவணி ஆடுபவளும் ஒன்பது வாரையே காஷ்டா வாங்கி உடுத்தியவர்கள். வேறுபாடு உண்டு, அது சேலை முழங்காலுக்கு மேல் நிற்கிறதா கணுக்கால் வரை இறங்குகிறதா, கட்டு இறுக்கமா தளர்வா, தலைப்பு தலையை மூடுகிறதா இடுப்பில் செருகப்படுகிறதா என்பவற்றில் இருக்கிறது. ‘நௌவாரி’ என்ற சொல்லில் இல்லை.

மீன்கூடையோடு வரும் பெண்ணை ‘மடிசார் கட்டியவள்’ என்று தமிழில் எழுதினால் நகைப்புக்கு இடமாகும். அதை எவரும் கண்டுகொள்வர். கண்டுகொள்ள இயலாத இடம் வேறு: தலித்து எழுத்தாளர் ஒருவரின் தன்வரலாற்றில் தாயின் ஒன்பது வார்ச் சேலை வருமிடம், அல்லது ஆலைத் தொழிலாளியின் மனைவி வருமிடம். அங்கே ‘மடிசார்’ என்ற ஒரு சொல், மூல ஆசிரியர் எதை எதிர்த்து எழுதினாரோ அதனையே அவர் தாயின் மேல் உடுத்திவிடுகிறது. இதற்கு மாற்றாகத் ‘தாறு பாய்ச்சிக் கட்டிய சேலை’, ‘கீழ்ப்பாய்ச்சுக் கட்டு’ போன்ற தொடர்கள் உள்ளன. இவை பெரிதும் ஆடவரின் வேட்டிக்கே வழங்குவன என்ற குறை உண்டு. எனினும் சாதி கூறாதவை. அதனினும் நன்று வெளிப்படையான விளக்கம்: ‘ஒன்பது கெஜச் சேலையைக் காலிடை வாங்கிப் பின்னால் செருகியிருந்தாள்.’ நீளம் கூடினும் தவறான செய்தி தராது. சாதிச்சாயல் ஏறிய ஒரு துல்லியமான சொல்லைக் காட்டிலும் சாயலற்ற விளக்கமே ஏற்றது என்பதில் ஐயமில்லை. எதிர்த்திசையிலும் இச்சிக்கல் உண்டு. தமிழ்க் கதையின் மடிசாரை மராத்தியில் ‘நௌவாரி’ என்று பெயர்த்தால் சாதிக் குறிப்பு முழுவதும் உதிர்ந்துபோகும்.

உடுத்தும் வினைகள்

பெயர்ச்சொற்களில் கவனம் செலுத்துவோர் வினையை மறந்துவிடுவது வழக்கம். தமிழில் சேலை ‘கட்டப்படும்’, ‘உடுத்தப்படும்’, சட்டை ‘போடப்படும்’. கன்னடம் ‘உடு’, ‘தொடு’ என்று இரண்டையும் பிரிக்கிறது. ‘உடுகெ தொடுகெ’ என்ற இணைச்சொல் இதனாலேயே அமைந்தது. தெலுங்கிலும் சீர கட்டுவதே. சட்டை தொடுப்பது வேறு. இந்தோ-ஆரிய மொழிகளுள் மராத்தி இப்பாகுபாட்டைப் பேணுகிறது: சேலைக்கும் வேட்டிக்கும் ‘நேஸணே’, தைத்த ஆடைக்கு ‘காலணே’. கீழாடை உடுத்துவதற்கு ‘நிவாஸேதி’, மேலாடை போர்த்துவதற்குப் ‘பாருபதி’ எனப் பாலி மொழி வினைகளைப் பிரித்தாள்வதும் ஒப்பிடத்தக்கது. வங்காளமோ சேலைக்கும் சட்டைக்கும் மோதிரத்திற்கும் மூக்குக்கண்ணாடிக்கும் ‘பரா’ என்ற ஒரே வினையைக் கொள்கிறது. வங்காளத்திலிருந்து பெயர்ப்பவர் ‘சேலை அணிந்தாள்’ என்று எங்கும் எழுதிச் செல்வதற்கு இவ்வினையே காரணம். ‘அணி’ தவறன்று, ஆயினும் சமையற்கட்டிலிருந்து வரும் பெண் சேலை அணிவதில்லை, கட்டிக்கொள்கிறாள்.

முந்தானை

சேலையின் உறுப்புகளுள் மொழியில் மிகுதியும் வேரோடியிருப்பது அதன் தலைப்பு. தமிழில் முந்தானை (முன் + தானை, தானை ஆடையைக் குறிக்கும் பழஞ்சொல், முன்றானை என்ற வடிவும் உண்டு), முந்தி, தலைப்பு, மார்பை மூடும் பகுதிக்கு மட்டும் மாராப்பு. தெலுங்கிலும் இவ்வாறே தொங்கும் நுனி ‘கொங்கு’, மார்பின் குறுக்கே செல்வது ‘பைட்ட’. கன்னடத்தில் ‘செரகு’, மலையாளத்தில் ‘முந்தாணி’, ‘கோந்தல’, மராத்தியில் ‘பதர்’, குசராத்தியில் ‘சேடோ’, ஒடியாவில் ‘பணத’, வங்காளத்திலும் இந்தியிலும் ‘ஆஞ்சல்’. இந்தியில் ‘பல்லூ’, ‘பல்லா’ என்பனவும் உண்டு. இருமொழி அகராதிகள் இவற்றிற்கு நேராக ‘முந்தானை’ என்று எழுதி மேலே செல்கின்றன. துணியின் அளவில் அது சரி. தொடரில் புகுந்ததும் நிலைமை மாறுகிறது.

தலைப்பை இரு கையாலும் விரித்துப் பிடித்து இரத்தலும் வேண்டுதலும் இந்தியாவெங்கும் உள்ள மெய்ப்பாடு. இந்தியில் ‘ஆஞ்சல் பைலானா’, மராத்தியில் ‘பதர் பஸரணே’, வங்காளத்தில் ‘ஆஞ்சல் பாதா’, தெலுங்கில் ‘கொங்கு சாச்சு’, கன்னடத்தில் ‘செரகொட்டு’. தெய்வத்தின் முன் மகனின் உயிருக்காகத் தாய் இவ்வாறு நிற்பாள். இதனைத் தமிழில் ‘முந்தானை விரித்தாள்’ என்று பெயர்த்தால் நேரும் கேடு சொல்லத் தேவையில்லை. தமிழில் அத்தொடர் பரத்தமையைக் குறிக்கும் இழிவழக்கு. இன்னதென அறியாது எழுதப்படும் இவ்வொரு தொடர் ஒரு தாயை இழிவுபடுத்திவிடும். தமிழில் இதற்கு நேர் ‘மடியேந்துதல்’, ‘மடிப்பிச்சை கேட்டல்’ என்பன. துணியின் உறுப்பு மாறுகிறது, வினையும் மாறுகிறது. மெய்ப்பாடு மட்டும் நிலைக்கிறது. ‘முந்தானையை ஏந்தி’ என்றாலும் பொருந்தும். பிழை முந்தானையில் இல்லை. ‘விரி’ என்ற வினையில் இருக்கிறது.

மராத்தியின் ‘பதர்’ இன்னும் விரிவாக நோக்கத்தக்கது. பெண் ஒருத்திக்குப் ‘பதர் வந்தது’ என்றால் அவள் பூப்பெய்தினாள் என்பது பொருள். தலைப்பு இட்டு உடுத்தும் பருவம் வந்தது என்பது அதன் அடிப்படை. தமிழின் ‘பெரியவளானாள்’, ‘சமைந்தாள்’ என்பனவே இதற்கு நேர். ‘தாவணி போடும் வயது’ என்பது அருகில் வரும். ‘பதர்மோட்’ என்றால் தன் கைப்பணத்தைச் செலவிடுதல். காசைத் தலைப்பில் முடிந்து வைத்த வழக்கத்திலிருந்து ‘பதர்’ என்பது ‘தன்னுடைமை’ என்ற பொருளைப் பெற்று, ஆடவருக்கும் உரியதாகிவிட்டது. அலுவலகத்து ஆண் எழுத்தர் ஒருவர் ‘பதர்மோட்’ செய்து பயணம் போனார் என்று மராத்தியில் எழுதினால் அங்கே சேலை எதுவும் இல்லை. சொன்னதோடு நில்லாமல் தானே சிலவற்றைச் சேர்த்துச் சொல்பவரைப் ‘பதரிலிருந்து போட்டுச் சொல்கிறார்’ என்பர். தமிழர் இதனைக் ‘கைச்சரக்கு’ என்பர். மொழிபெயர்ப்பாளர்மீது சாட்டப்படும் குற்றத்திற்கு இரு மொழிகளும் ஆயத்தமாகச் சொல் வைத்திருப்பது கருதத்தக்கது. பதருக்குத் தமிழில் நேரானது பல இடங்களில் ‘கை’ என்பதும் இதனால் விளங்கும்.

தலைப்பில் முடிதலும் மொழிதோறும் வேறுபடுகிறது. இந்தியில் அறிவுரையைத் தலைப்பில் முடிந்துகொள்ளச் சொல்வர். மறவாதே என்பது கருத்து. தமிழில் முந்தானையில் முடியப்படுவன காசும் கணவனும். தெலுங்கில் ‘கொங்கு பங்காரம்’, தலைப்பில் முடிந்த பொன், என்பது வேண்டியதை வேண்டியபோது தரும் தெய்வத்திற்கு அடையாகும். வங்காளத்தில் முடியப்படுவது சாவிக்கொத்து. ஆட்பௌரே கட்டில் தலைப்பு ஒருமுறை இடத்தோளில் ஏறி, முதுகைச் சுற்றி வலக்கையின் கீழாக வந்து, மறுபடியும் இடத்தோளின் மேல் செல்கிறது. நுனியிலுள்ள சாவிக்கொத்தின் எடை தலைப்பை நழுவாமல் இருத்துகிறது, நடக்கும்போது ஒலிக்கிறது. வீட்டின் ஆட்சி யாரிடம் என்பதை அவ்வொலியே அறிவிக்கும். மாமியார் சாவியை மருமகளின் ஆஞ்சலில் முடிந்தாள் என்றால் அது ஒரு பதவியேற்பு. தமிழ் மாமியார் சாவிக்கொத்தை இடுப்பில் செருகுவாள். ஆயினும் இவ்விடத்தில் இடுப்பிற்கு மாற்றக் கூடாது. ‘தோளில் வீசிய தலைப்பின் நுனியில் சாவிக்கொத்து’ என்று காட்சியை முழுமையாகத் தந்தால் தமிழ் வாசகர் தாமே புரிந்துகொள்வார்.

தலையை மூடுதல் மற்றோர் இடர். வடக்கில் மாமனார் எதிரில் மருமகள் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிடுவது மரியாதை. தமிழில் ‘முக்காடிட்டாள்’ என்றால் துயரம், நோய், நாணக்கேடு ஆகியவையே முதலில் தோன்றும். ‘தலைப்பால் தலையை மூடி ஒதுங்கி நின்றாள்’ என்பது பாதுகாப்பான வடிவு. இடுப்பில் தலைப்பை இழுத்துச் செருகுதல் மட்டும் ஏறத்தாழ எல்லா மொழிகளிலும் ஒன்றே: வேலைக்கோ சண்டைக்கோ ஆயத்தமாதல். இங்குச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம். தமிழ் தானே பேசிக்கொள்ளும்.

ஒலியொப்புமை தரும் மயக்கம்

தமிழ் வாசகருக்குப் பழகிய ஒலியோடு வரும் அயற்சொற்கள் தனி எச்சரிக்கை வேண்டுவன. அசாமின் ‘மேகலா’ இடையில் உடுத்தும் கீழாடை. அதன்மேல் சாதர் போர்த்துவர். வடமொழியில் இடையணியைக் குறித்த மேகலா என்ற சொல்லே தமிழில் ‘மேகலை’ என்று அணியாகவே நின்றது, அசாமில் ஆடையாயிற்று. ‘மேகலை அணிந்த பெண்’ என்று எழுதினால் தமிழ் வாசகர் பொன்னைக் காண்பார், பட்டைக் காணமாட்டார். தெலுங்கின் ‘சீர’, கன்னடத்தின் ‘சீரெ’ ஆகியவற்றை ஒத்த ‘சீரை’ தமிழில் மரவுரியைக் குறிக்கிறது. திருமுருகாற்றுப்படையில் முனிவரின் ஆடை அது. தமிழின் ‘புடைவை’ மலையாளத்தில் ‘புடவ’ ஆகிறது. ஆனால் மலையாளப் ‘புடமுறி’யில் உள்ள முறித்தலைக் கண்டு பிரிவு என்று எண்ணிவிடலாகாது. அது துணி கொடுத்து மணத்தொடர்பு கொள்ளும் சடங்கு, அதாவது திருமணம். இதற்கு நேர்மாறாகக் குசராத்தியில் மணவிலக்கிற்கு இன்று வழங்கும் பொதுச்சொல் ‘சூட்டாசேடா’, ‘அவிழ்ந்த தலைப்புகள்’. மணநாளில் மணமக்களின் ஆடை நுனிகளை முடிந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்பது பொருள். வழக்குமன்றச் செய்தியிலும் இச்சொல்லே வரும். தமிழில் மணஉறவின் குறி தாலியாதலால் ‘அறுத்துக்கட்டுதல்’ போன்ற வழக்குகள் தாலியையே பற்றி நிற்கின்றன. செய்தித்தாளில் ‘மணவிலக்கு’ என்று எழுதிவிடலாம். ஆனால் புதினத்தில் முதலியல் மணச்சடங்கில் முடிச்சு விவரிக்கப்பட்டு, இறுதியியலில் ‘சூட்டாசேடா’ வருமாயின், முடிச்சவிழ்ந்தது என்ற குறிப்பைப் பெயர்ப்பில் எங்கேனும் காப்பாற்றியாக வேண்டும்.

துணியின் எல்லையும் நிலத்தின் எல்லையும்

ஆடையின் நுனியைக் குறிக்கும் சொற்கள் வேறு பொருள்களுக்குப் பெயர்ந்து செல்லும் வழியும் மொழிக்கு மொழி மாறுபடுகிறது. மராத்தியில் அது உடைமையாயிற்று. தமிழில் ‘தலைப்பு’ நூலுக்கும் கட்டுரைக்கும் முடியாயிற்று. தெலுங்கில் ஆடை நுனியைக் குறிக்கும் ‘செரகு’ திசையாயிற்று. ‘நலுசெரகுல’ என்றால் நாற்புறமும். வடமொழி ‘அஞ்சல’த்தின் வழிவந்த ‘ஆஞ்சல்’ இந்தியில் நிலப்பகுதியாயிற்று. 2000இல் அமைந்து 2007வரை உத்தராஞ்சல் என்று வழங்கிய மாநிலத்தின் பெயரில் இருப்பது இச்சொல்லே. இமாச்சலம், அருணாச்சலம் ஆகியவற்றில் இருப்பது மலையைக் குறிக்கும் ‘அசல’ என்ற வேறு சொல். தமிழ்ச் செய்தியாளர் மூன்றையும் ஒன்றாகக் கருதி ‘உத்தராச்சல்’ என்று எழுதியதும் உண்டு. வட்டாரப் புதினத்தை இந்தித் திறனாய்வாளர் ‘ஆஞ்சலிக் உபன்யாஸ்’ என்பர்.

அவ்வகைமைக்கு முன்மாதிரியாகப் போற்றப்படுவது பணீஸ்வரநாத் ரேணு 1954இல் வெளியிட்ட ‘மைலா ஆஞ்சல்’. பீகாரின் பூர்ணியா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைக் களனாகக் கொண்ட அப்புதினத்தின் பெயரில் ‘ஆஞ்சல்’ என்பது தாயின் தலைப்பு, பின்தங்கிய நிலப்பகுதி ஆகிய இரண்டையும் ஒருசேரச் சுட்டுகிறது. ‘அழுக்கு முந்தானை’ என்றால் நிலம் மறைந்துபோகும்; தமிழில் முந்தானை தாயைவிட மனைவியையே முதலில் நினைவூட்டும் என்பதும் தடை. ‘மாசுபடிந்த வட்டாரம்’ என்றால் தாய் மறைந்துபோவாள். ‘ஓரம்’, ‘கரை’ ஆகியன இரு பொருளுக்கும் ஓரளவு இடந்தருவன: சேலைக்கும் கரை உண்டு, நிலத்திற்கும் கரை உண்டு. ஆயினும் கரை என்றதும் தமிழர் நீரை நினைப்பர். கோசி ஆற்று வெள்ளத்திற்குப் பெயர்பெற்ற பகுதியாதலால் அது முற்றிலும் பொருந்தாததும் அன்று. பெயரை இந்தி ஒலியிலேயே விட்டுவிட்டு, நூலினுள் நிலத்தைத் தாயாகக் காட்டும் இடங்களில் ‘தலைப்பு’ என்ற சொல்லை ஆள்வது மற்றொரு வழி. எதைத் தெரிந்தாலும், ‘ஆஞ்சல்: முந்தானை’ என்ற அகராதிப் பதிவை மட்டும் கொண்டு அத்தெரிவைச் செய்ய இயலாது.